புது உறைக்குள் பழைய டிஸ்க்



ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி வருகிறோம். உறை பிரிக்காதது, லேபிள் பளிச்சென்று இருக்கிறது. கணினியில் மாட்டிப் பார்த்தால், ஓடிய நேரம் பூஜ்யம். புதுசுதான் என்று நம்பிக் குடும்பப் படங்களையும் அலுவலகக் கணக்குகளையும் அதில் ஏற்றிவிடுகிறோம்.

அந்தப் பூஜ்யத்தை நம்ப முடியாது என்பதை 2025 ஜனவரியில் ஜெர்மனியின் ஹைஸே ஊடகம் வெளிக்கொண்டு வந்தது. தரவு மையங்களுக்காகச் செய்யப்படும் சீகேட் எக்ஸோஸ் டிஸ்க்குகள் பல கடைகளில் புதியவை என்று விற்கப்பட்டிருந்தன. ஆராய்ந்தால், பெரும்பாலானவை 15,000 முதல் 50,000 மணி நேரம் வரை ஓடியவை. ஆண்டுக்கு 8,760 மணி நேரம்தான். அப்படியென்றால் ஐந்தரை ஆண்டுக்கு மேல் இராப்பகலாகச் சுழன்ற டிஸ்க்குக்கும் மக்கள் புது விலை கொடுத்திருக்கிறார்கள்!

இவை எங்கிருந்து வந்தன? சியா என்ற மின்காசு மீது சந்தேகம் விழுந்தது. பிட்டொரென்ட்டை உருவாக்கிய பிராம் கோஹென் தொடங்கியது அது. டிஸ்க்கில் எவ்வளவு இடம் ஒதுக்குகிறோமோ அவ்வளவு காசு கிடைக்கும் வாய்ப்பு என்பது அதன் கணக்கு. 2021-ல் அதற்காகப் பெரிய டிஸ்க்குகளை அள்ளிக் குவித்தார்கள். காசின் மதிப்பு சரிந்ததும் அவை சந்தைக்குத் திரும்பின.

ஒவ்வொரு டிஸ்க்கிலும் 'ஸ்மார்ட்' என்ற பதிவேடு உண்டு. எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை முறை இயக்கப்பட்டது என்பதெல்லாம் அதில் ஏறும். பழைய காரின் கிலோமீட்டரைத் திருப்பி வைப்பதுபோல இதையும் அழித்துவிடுகிறார்கள். ஆனால் சீகேட் டிஸ்க்குகளில் 'ஃபார்ம்' என்று இன்னொரு பதிவேடும் இருக்கிறது. மோசடிக்காரர்கள் பலர் அதைத் தொடாமல் விட்டதால்தான் குட்டு வெளிப்பட்டது. 'ஸ்மார்ட்மான்டூல்ஸ்' என்ற இலவச மென்பொருளின் 7.4 பதிப்பிலிருந்து அதைப் படிக்கலாம். இரண்டு பதிவேடுகளிலும் மணிக்கணக்கு ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்மார்ட் பூஜ்யம் என்று சொல்ல, ஃபார்ம் 20,000 என்று காட்டினால், அதற்குமேல் சாட்சி வேண்டியதில்லை. ஆனால் இரண்டும் ஒத்துப்போவதை மட்டும் வைத்து டிஸ்க் புதுசு என்று முடிவுகட்டவும் கூடாது.

கண்ணால் பார்க்க வேண்டியதும் இருக்கிறது. டிஸ்க்கைப் பக்கவாட்டில் திருப்பித் திருகாணித் துளைகளைப் பாருங்கள். திருகாணி ஏறி இறங்கிய துளையின் விளிம்பில் உலோகம் உரசியிருக்கும். கேபிள் செருகும் இடத்தில் தங்க நிறத் தகடுகள் வரிசையாக இருக்கும். அவற்றின்மீது மெல்லிய கோடுகள் தெரிந்தால், யாரோ செருகி எடுத்திருக்கிறார்கள். பிறகு சீரியல் நம்பரைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு வாரண்டியைப் பாருங்கள். உங்கள் கைக்கு வரும் முன்பே முடிந்துபோன வாரண்டியும், வேறொரு நிறுவனத்துக்கு விற்ற சரக்கு என்ற பதிலும் கடைக்காரரிடம் கேள்வி கேட்கப் போதுமானவை.

லேபிளை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். 2025 மே மாதம் மலேசியாவில் கோலாலம்பூருக்கு அருகே ஒரு கிடங்கை அதிகாரிகளும் சீகேட் குழுவினரும் சோதனையிட்டார்கள். அங்கே பழைய டிஸ்க்குகளின் பதிவேட்டை அழித்து, துடைத்து, புது லேபிள் ஒட்டிப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். கண்காணிப்புக் கேமராவுக்கான டிஸ்க் உயர்ந்த ரகத்தின் பெயரில் வெளியே போயிருக்கிறது. சீகேட் மட்டுமல்ல, வேறு நிறுவனங்களின் டிஸ்க்குகளும் அங்கே இருந்தன.

ஜெர்மனியில் விற்ற கடைக்காரர்களில் பலர், தங்களுக்கும் இது தெரியாது என்றார்கள். அதை நான் நம்புகிறேன். ஆனால் பணம் கொடுத்தவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் பில் போட்ட கடைக்காரர்தான். பழைய டிஸ்க்கைப் பழையது என்று சொல்லிப் பாதி விலைக்கு விற்றால் யாருக்கும் வருத்தமில்லை. வயதை மறைப்பதுதான் திருட்டு.

ஆகவே வாங்கிய அன்றே, ஒரு கோப்பைக்கூட ஏற்றும் முன்பு, இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள். திரையில் தெரியும் எண்களைப் படமெடுத்துப் பில்லோடு வையுங்கள். சந்தேகம் வந்தால், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் கடைக்குப் போங்கள். உங்கள் படங்களும் கணக்குகளும் ஏறாத டிஸ்க்கைத் தயங்காமல் திருப்பிக் கொடுக்கலாம்.