கோர்தோபா: ஒரு கட்டடத்துக்குள்ள இன்னொரு கட்டடம்

போன எபிசோடுல மாட்ரிட்ல இருந்தோம். அங்கிருந்து வேக ரயில் ஏறினா ரெண்டு மணி நேரத்துக்குள்ள கோர்தோபா.

இந்த ஊர்ல ஒரே ஒரு இடம்தான் பார்க்க நேரம் இருக்குன்னா, மெஸ்கீத்தாவுக்குப் போங்க. 785 வாக்கில் முதலாம் அப்துர் ரஹ்மான் தொடங்கிய மசூதி இது. உள்ளே 850க்கும் மேற்பட்ட தூண்கள். அதுல பலது பழைய ரோமானிய, விசிகோத்திய கட்டடங்களிலிருந்து எடுத்தவை. தூண்கள் குட்டை, ஆனா கூரை உயரமா வேணும். என்ன பண்ணாங்க? ஒரு வளைவுக்கு மேல இன்னொரு வளைவு வெச்சாங்க. சிவப்புச் செங்கல், வெளிர் கல், மாறி மாறி. நாம போட்டோ எடுக்குற அந்த அழகு, ஒரு சிக்கலுக்குக் கண்டுபிடிச்ச தீர்வு!

1236ல் ஊர் மன்னர் மூன்றாம் ஃபெர்னாண்டோ கைக்குப் போனதும் மசூதி தேவாலயமானது. 1523ல் நடுப்பகுதியை இடிச்சு கதீட்ரல் எழுப்பக் கிளம்பினப்போ, எதிர்த்தது யார் தெரியுமா? கிறிஸ்தவர்களே நடத்திய நகர சபை. இடிக்கிறவங்களுக்கு மரண தண்டனைன்னே அறிவிச்சாங்க. பேரரசர் ஐந்தாம் சார்லஸ் அனுமதி கொடுத்த பிறகுதான் வேலை நடந்தது.

தூண்களோட அரையிருட்டுல நடந்துட்டே இருந்தேன். திடீர்னு வெள்ளை வெளிச்சத்துல கதீட்ரல். முதல்ல கோபம்தான் வந்துச்சு. அப்புறம் தோணுச்சு: தேவாலயமா ஆனதாலதான் மிச்சத் தூண்கள் தப்பிச்சுதோ? ஆனா இன்னிக்கும் முஸ்லிம்கள் இங்கே தொழ அனுமதி இல்லைங்கிறதும் உண்மை.

நீங்க போனா மிஹ்ராப் முன்னாடி பத்து நிமிஷம், கதீட்ரல் நடுவுல பத்து நிமிஷம் நில்லுங்க. என்ன தோணுச்சுன்னு எனக்குச் சொல்லுங்க. அடுத்த எபிசோடுல கிரனாடா!