உடுத்துவதிலும் வேண்டும் ஒரு கணக்கு
(மஹல்லா மாணவ மாணவியரின் ஆடைப் பரிமாற்றத் திட்டத் தொடக்க விழாவில் நம் பள்ளி இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் பிள்ளைகள் ஒரு நல்ல முயற்சியைக் கையிலெடுத்திருக்கின்றார்கள். வீடுகளில் அளவு சிறுத்துப்போன, ஆனால் நைந்துபோகாத ஆடைகளைப் பெற்று, துவைத்து, பொத்தான் தைத்து, கிழிசலை இழையோட்டி மூடி, மதரஸாக் கூடத்தில் அளவுவாரியாக அடுக்கி வைத்துள்ளார்கள். ஓர் ஆடையைக் கொடுப்பவர் மற்றோர் ஆடையை எடுத்துச் செல்லலாம். கொடுக்க இயலாதவரும் எடுத்துச் செல்லலாம். யார் கொடுத்தது, யார் எடுத்தது என்று எந்த ஏட்டிலும் எழுதப்படமாட்டாது. திட்டம் இவ்வளவே. ஆயினும் இதன் பின்னணியில் பெரியதொரு செய்தி இருக்கின்றது.

இன்று ஆடை மலிவாகிவிட்டது என்று நாம் மகிழ்கின்றோம். விலைச்சீட்டில் காணும் தொகையை நாம் கொடுக்கின்றோம். மீதித் தொகையை யார் கொடுக்கின்றார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

வங்கதேசத் தலைநகர் டாக்காவை அடுத்த சாவர் என்னுமிடத்தில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இருந்தது. மேல்நாட்டுக் கடைகளுக்கு ஆடை தைக்கும் ஆலைகள் அதில் இயங்கின. 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 23 அன்று சுவர்களில் விரிசல் காணப்பட்டது. கீழ்த்தளங்களிலிருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. தையல் தொழிலாளர்களோ மறுநாள் காலை வேலைக்கு வருமாறு பணிக்கப்பட்டனர். ஏப்ரல் 24 அன்று கட்டடம் இடிந்து வீழ்ந்தது. 1,134 உயிர்கள் மாண்டன. அவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். நம் சமுதாயத்துச் சகோதரிகள். குறித்த நாளில் சரக்கு அனுப்பியாக வேண்டும் என்ற அவசரம், சுவரின் விரிசலைப் பார்க்க விடவில்லை. அதன்பின் பல நாடுகளில் மாணவரும் இளைஞரும் ‘என் ஆடையைத் தைத்தவர் யார்?’ என்று கடைகளைப் பார்த்துக் கேட்கத் தொடங்கினர். நம் பிள்ளைகளின் திட்டமும் அக்கேள்வியிலிருந்து பிறந்ததே.

இது எங்கோ நடந்த கதை என்று எண்ணிவிட வேண்டா. நம் திருப்பூரைப் பாருங்கள். பின்னலாடைக்கு உலகப் புகழ் பெற்ற ஊர். பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடும் ஊர். அதன் சாயக் கழிவு நொய்யலாற்றில் கலந்தது. பாசனத்திற்கென்று 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர் தேங்கும் குளமாயிற்று. அணை நீர் எங்களுக்கு வேண்டா என்று உழவர்களே சொல்லும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆலைகள் நின்றன, தொழிலாளர்கள் வேலையிழந்து தவித்தனர். கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறைக்கு ஆலைகள் மாற வேண்டியதாயிற்று. அதற்குப் பெரும் செலவாகும். மலிவு ஒன்றையே நாம் கேட்டுக்கொண்டிருந்தால் அச்செலவை எவர் ஏற்பார்?

ஒரு பருத்திச் சட்டை நம் கைக்கு வந்து சேர ஏறத்தாழ 2,700 லிட்டர் நீர் செலவாகின்றது என்று மதிப்பிட்டுள்ளனர். ஒரு மனிதர் இரண்டரை ஆண்டுகள் குடிக்கும் நீர் அது. ஒளூச் செய்யும்போது ஓடும் ஆற்றங்கரையிலும் நீரை வீணாக்கலாகாது என்று கற்பிக்கப்பட்டவர்கள் நாம். நான்கு முறை உடுத்திவிட்டு அலமாரியில் எறியும் சட்டைக்குள் எத்தனை ஒளூவின் நீர் அடங்கியிருக்கின்றது என்று கணக்கிட்டுப் பார்ப்போமாக!

பழையவற்றைத் தானம் செய்துவிட்டால் போதுமே என்று சிலர் கேட்கலாம். உலகின் செல்வ நாடுகள் அப்படித்தான் எண்ணின. அங்கு கழித்த துணிகள் ஆப்பிரிக்கச் சந்தைகளிலும் தென்னமெரிக்கத் துறைமுகங்களிலும் வந்து இறங்குகின்றன. சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் விற்காத ஆடைகள் குன்றுகளாகக் கொட்டிக் கிடக்கின்றன. பழைய ஆடை மறுபடியும் நூலாகிப் புது ஆடையாவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே, தள்ளிவிடும் இடத்தை மாற்றுவதால் பயனில்லை. வாங்கும் அளவு குறைய வேண்டும், உடுத்தும் காலம் நீள வேண்டும்.

இது நமக்குப் புதிய பாடமன்று. நம் பாட்டிமார் வீட்டில் ஒரு கைலி எத்தனை பிறவி எடுத்தது! உடுத்தித் தேய்ந்தபின் குழந்தைக்குத் தொட்டில் துணியாயிற்று. பின்பு அடுப்படியில் கரித்துணியாயிற்று. கடைசியில் தரை துடைத்து மண்ணோடு மண்ணாயிற்று. அது பருத்தியாதலால் மண் அதை ஏற்றுக்கொண்டது. இன்றைய பாலியெஸ்டரோ கல்லெண்ணெயிலிருந்து பிறப்பது. மண் அதை எளிதில் ஏற்பதில்லை.

நம் ஜமாஅத்தில் ஜவுளி வணிகர்கள் இருக்கின்றார்கள். பனியன் ஆலைக்குச் செல்லும் பிள்ளைகளும் இருக்கின்றார்கள். ‘வாங்குவது குறைந்தால் எங்கள் பிழைப்பு என்னாவது?’ என்ற அவர்களுடைய கவலை நியாயமானது. பிள்ளைகள் எவருடைய கடையையும் அடைக்கச் சொல்லவில்லை. மூன்று மட்டமான சட்டைக்குக் கொடுக்கும் பணத்தை ஒரு நல்ல சட்டைக்குக் கொடுங்கள் என்கின்றார்கள். கைத்தறியை வாங்குங்கள், தெருமுனைத் தையற்காரரிடம் அளவு மாற்றித் தைத்து உடுத்துங்கள் என்கின்றார்கள். உழைப்புக்கு உரிய விலை கொடுப்பதால் எந்தத் தொழிலும் அழியாது.

இனி, நிர்வாகிகளிடமும் வசதியுள்ள குடும்பத்தாரிடமும் ஒன்றைக் கேட்கின்றோம். இக்கூடத்திற்கு ஏழை வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே வந்து எடுத்தால் இத்திட்டம் தோற்றுவிடும். நாளை பள்ளிக்கூடத்தில், ‘இது எங்கள் வீட்டுச் சட்டை’ என்று ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளையைச் சுட்டிக்காட்டினால், நாம் கொடுத்தது ஆடையன்று, அவமானம். அந்நிலை வராதிருக்க ஒரே வழிதான் உண்டு. வசதியுள்ளோரின் பிள்ளைகளும் இங்கு வந்து எடுத்து, இப்பெருநாளில் உடுத்தித் தொழுகைக்கு வர வேண்டும். இருப்பவற்றுள் நல்லதை உடுத்துவதே பெருநாளின் ஸுன்னத். கடையிலிருந்து அன்றுதான் வாங்கியிருக்க வேண்டும் என்பது மார்க்கத்தின் நிபந்தனையன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டவர்கள். அவர்களுடைய உம்மத்துக்கு ஒட்டுத்தையலில் என்ன வெட்கம்?

மாணவக் கண்மணிகளே! நீங்கள் உடுத்தத் தயங்கும் ஆடையைப் பிறருக்கென்று அடுக்காதீர்கள். ஊசியும் நூலும் பிடிக்க ஆண்பிள்ளைகளும் பழகுங்கள். ஓராண்டு ஆர்வத்தோடு ஓய்ந்துவிடாதீர்கள்.

ஆடையால் நம் மானத்தை மறைத்த அல்லாஹ், அவ்வாடையை நெய்தவர், தைத்தவர், உடுத்துபவர் அனைவருடைய மானத்தையும் காத்தருள்வானாக! வீண்விரயத்திலிருந்து நம்மையும் நம் பிள்ளைகளையும் பாதுகாப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.