காணாத இடிக்குக் கவசம்

1962ஆம் ஆண்டு யூலை மாதம் 8ஆந் திகதி இரவு 11 மணியளவில், ஹவாய்த் தீவுகளின் வானம் திடீரென ஒளிர்ந்து செந்நிறம் பூண்டது. அங்கிருந்து ஏறத்தாழ 1,400 கிலோமீற்றருக்கு அப்பால், யோன்ஸ்ரன் தீவுப் பகுதியில், 400 கிலோமீற்றர் உயரத்தில் அமெரிக்கர் ஓர் ஐதரசன் குண்டை வெடிக்கச் செய்திருந்தனர். ஹவாய் மக்களின் உடலில் அனல் படவில்லை. கட்டடம் எதுவும் இடியவில்லை. ஆயினும் ஒகு தீவிலே ஏறத்தாழ 300 தெருவிளக்குகள் அணைந்தன. கள்வர் வருகையை அறிவிக்கும் மணிகள் கள்வரின்றியே ஒலித்தன. குண்டை வெடித்தவர்கள் இவ்வளவை எதிர்பார்க்கவில்லை. அதே ஆண்டு ஒக்ரோபர் 22ஆந் திகதி சோவியத் அறிஞர்கள் கசகஸ்தானின் மேலே 290 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு குண்டை வெடித்தபோது, 570 கிலோமீற்றர் நீளமான தொலைபேசித் தொடரொன்றின் காப்புருகிகள் எரிந்துபோயின.

வானத்தில் நிகழ்ந்தது யாது? அணுக்குண்டு வெடிக்கும்போது காமாக் கதிர்கள் நாற்றிசையும் பாய்கின்றன. கீழ்நோக்கி வருபவை, 20 முதல் 40 கிலோமீற்றர் உயரத்திலுள்ள மெல்லிய காற்றைத் தாக்கி, அதன் அணுக்களிலிருந்து இலத்திரன்களைப் பெயர்த்தெறிகின்றன. அவ்விலத்திரன்கள் பூமியின் காந்தப் புலத்தில் அகப்பட்டு ஒரே வேளையில் வளைந்து திரும்புகின்றன. எண்ணிலடங்கா மின்னேற்றங்கள் இவ்வாறு ஒருங்கே திரும்புவதால் ஒரு பெரும் வானொலி அலை பிறந்து நிலத்தை வந்தடைகிறது. இதுவே மின்காந்தத் துடிப்பு.

வானொலிப் பெட்டியின் ஏரியல் கம்பி நிலையத்தின் அலையை ஏற்பது போலவே, எதிர்ப்படும் ஒவ்வொரு கம்பியும் இத்துடிப்பை ஏற்கிறது. ஆனால் நிலையத்தின் அலை ஏரியலில் எழுப்புவது ஒரு வோல்ற்றின் மிகச் சிறு பங்கு. இத்துடிப்பின் வலிமையோ மீற்றருக்கு 50,000 வோல்ற்று வரை செல்லக்கூடும். மின்னலுக்கென அமைத்த காப்பும் இங்கே போதாது. ஒரு விநாடியை நூறு கோடி கூறாக்கினால், அவற்றுட் சில கூறுகள் கழிவதற்குள் துடிப்பு உச்சத்தை எட்டிவிடும்.

பழைய வெற்றிடக் குழாய்கள் இவ்வதிர்ச்சியை ஓரளவு தாங்கவல்லவை. திரான்சிற்றர்களும் அவற்றிலும் நுண்ணிய சில்லுகளும் அவ்வாறல்ல. 1976ஆம் ஆண்டு செப்ரெம்பரில் பெலெங்கோ என்னும் சோவியத் விமானி, மிக்-25 போர்விமானமொன்றுடன் யப்பானின் ஹக்கொடாட்டே நகரில் வந்திறங்கினார். விமானத்தைப் பிரித்து ஆராய்ந்தபோது அதன் ராடாரில் வெற்றிடக் குழாய்கள் இருக்கக் காணப்பட்டன. பழமையென்று சிலர் எள்ளினர். துடிப்புக்கு அஞ்சியே அவற்றை வைத்தனர் என்று வேறு சிலர் கருதினர். எள்ளியவர்கள் சற்றுப் பொறுத்திருக்கலாம்.

படைத்தலைவர்களின் கவலை விளக்குகளைப் பற்றியதன்று. தாக்குதல் தொடங்கிய கணத்தில் வானொலியும் கணிப்பொறியும் ஊமையாகிவிட்டால், கட்டளை இடுவோரும் ஏற்போரும் ஒருவரையொருவர் இழப்பர். தன் படை அழிந்ததா, கருவி மட்டும் பழுதுற்றதா என்று அறியாத தலைவன் கையில் அணுவாயுதம் இருப்பது எத்துணை ஆபத்து! ஆகவே கருவிகளைச் சோதித்தறிவது இன்றியமையாததாயிற்று. ஆனால் எவ்வாறு சோதிப்பது? 1963ஆம் ஆண்டு மொஸ்கோவிற் கைச்சாத்தான உடன்படிக்கை, வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீரடியிலும் அணுக்குண்டு வெடிப்பதைத் தடுத்தது. இனி அந்த இடியை வானத்திலிருந்து வரவழைக்க வழியில்லை. மண்ணில் நின்றே அதைப் போலியாகச் செய்தாக வேண்டும்.

அம்முயற்சிகளுள் வியத்தகு ஒன்று, நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் அல்புகேர்க்கி நகரருகே கேர்ட்லன்ட் விமானப்படைத் தளத்தில் எழுந்தது. அது மரத்தால் ஆன ஒரு மாபெரும் மேடை; 1980இல் நிறைவெய்தியது. பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உயரத்தில், பி-52 போன்ற பெரும் குண்டுவீச்சு விமானத்தைத் தாங்கி நிற்கவல்லது. இத்துணை உயரம் ஏன்? பறக்கும் விமானத்தின் கீழே நிலம் இல்லை. தரையில் நிறுத்தினால் நிலத்திற் பட்டுத் திரும்பும் அலை சோதனையைக் குழப்பும். மரம் ஏன்? இரும்பு இருந்தால் அதுவும் துடிப்பை ஏற்று அலையின் வடிவைக் கெடுக்கும். ஆகவே ஆணிகளையும் திருகுகளையுங்கூட மரத்தாலேயே செய்தனர். உலகின் அதிநவீனமான போர்க்கருவிகளைச் சோதிக்க, தச்சர்களின் துணையை நாட வேண்டி வந்தது.

மேடையருகே இரு மார்க்ஸ் பிறப்பாக்கிகள் நின்றன. பல கொள்ளளவிகளைப் பக்கம்பக்கமாக மின்னேற்றி, பின்னர் ஒரே கணத்தில் தொடராக இணைத்து வெளியேற்றுவது அவற்றின் முறை. ஒவ்வொன்றும் 50 இலட்சம் வோல்ற்று தரவல்லது. துடிப்பு விமானத்தின்மீது பாயும்போது, உள்ளே எந்தக் கம்பியில் எவ்வளவு மின்னோட்டம் எழுந்தது என அளந்தனர். பனிப்போர் தணிந்தபின் 1991இல் இச்சோதனைகள் நின்றன.

முழு விமானத்தையும் சோதிப்பது பெருஞ்செலவு. ஆகவே கருவிகளைத் தனித்தனியே சோதிக்கும் முறையும் உண்டு. அமெரிக்கப் படைத்துறையின் 461ஆம் இலக்க நியமம் அதனை விதிக்கிறது. இரு உலோகத் தகடுகளுக்கிடையே கருவியை இயங்கும் நிலையில் வைத்து, உச்ச அளவின் பத்திலொரு பங்கில் தொடங்கிப் படிப்படியாக மீற்றருக்கு 50,000 வோல்ற்று வரை துடிப்பை உயர்த்துகின்றனர். கருவி எரிந்துபோனால் ஐயத்திற்கு இடமில்லை. எரியாமலே ஒரு கணம் தடுமாறி, நினைவிலுள்ள இலக்கங்களை மாற்றிவிட்டுத் தொடர்ந்து இயங்கும் கருவியே சோதிப்பவரை ஏமாற்றுவது. எனவே ஒவ்வொரு துடிப்பின் பின்னும் கருவியின் வேலையைச் சரிபார்க்க வேண்டியுள்ளது. தனியே தேறிய கருவிகளை நீண்ட கம்பிகளால் இணைத்தபின், அக்கம்பிகளே துடிப்பை உள்ளே கொணர்ந்துவிடுதலும் உண்டு.

காப்பின் அடிப்படை பழையது. 1836ஆம் ஆண்டிலேயே மைக்கல் பரடே, பன்னிரண்டடிச் சதுரக் கூடொன்றில் உலோகக் கம்பி சுற்றி, அதனுள்ளே தாமே புகுந்து, வெளியே பாய்ந்த மின்சாரம் உள்ளே எட்டவில்லை எனக் காட்டினார். படைத்துறைக் கருவியறைகளும் அத்தகைய உலோகக் கூடுகளே. கம்பி நுழையும் வாயில்களில் வடிகளும் மிகைமின் தடுப்பான்களும் காவல் நிற்கின்றன. ஆயினும் கூடு எக்காலமும் ஒரே நிலையில் இருப்பதில்லை. கதவின் விளிம்பிலுள்ள உலோகப் பட்டி துருப்பிடிக்கிறது. யாரோ அழகு கருதி அதன்மேல் வர்ணம் பூசுகிறார். புதிய தொலைபேசிக்கென இன்னொருவர் சுவரில் ஒரு துளை இடுகிறார். வெளிப்பார்வைக்கு அறை அப்படியே இருக்கிறது. கருவிகளும் நாள்தோறும் குறைவின்றி இயங்குகின்றன. இக்குறைகளைக் கண்டறிய, ஒருமுறை தேறிய அறையையும் காலத்துக்குக் காலம் மீண்டும் சோதிக்கின்றனர். ஒருபுறம் சிறிய அலைபரப்பி ஒன்றை வைத்து, மறுபுறம் வாங்கியுடன் கதவிடுக்குகளை அங்குலம் அங்குலமாகத் தேடி, எங்கே அலை கசிகிறதென அடையாளமிட்டு, வர்ணத்தைச் சுரண்டியெடுத்துப் புதுப் பட்டி பொருத்துகிறார்கள்.