கெபாசிட்டரும் சர்வரும்



சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் ஓசூர் பாகலூர் ரோட்டு எலக்ட்ரீஷியன் பெரும்பாலும் ஒன்றைத்தான் முதலில் பார்ப்பார்: கெபாசிட்டர். இரண்டரை மைக்ரோ ஃபேரட், தீப்பெட்டி அளவு, விலை நூறு ரூபாய்க்குள். ஸ்டூல் போட்டு ஏறி, கப்பை இறக்கி, ஒயரைப் புதுக் கெபாசிட்டரில் மாட்டினால் பழைய வேகம் வந்துவிடும். மோட்டார் காயிலே கருகினாலும் கட்டித் தர ஆள் உண்டு. இருபது வருஷ ஃபேன்கள் இப்படித்தான் ஓடுகின்றன.

டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் கூட்டாக 1984இல் தொடங்கிய டைட்டன் தொழிற்சாலை போட்டதும் இதே ஊரில்தான். அதன் பழைய குவார்ட்ஸ் கடிகாரத்துக்கும் அவ்வப்போது ஒரு பட்டன் செல் மாற்றினால் போதும்.

கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை பிஎல்டிசி ஃபேனை நான் குறை சொல்ல மாட்டேன். எழுபத்தைந்து வாட் இழுத்த இடத்தில் முப்பது வாட்டில் காற்று தருகிறது. ஆனால் கோடை மழையில் கரண்ட் போய்ப் போய் வரும்போது உள்ளே இருக்கிற போர்டு போனால், அதே கம்பெனி போர்டுக்குக் காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான். அதோடு வைஃபையும் ஆப்பும் சேரும்போதுதான் வேறு ஒரு கணக்கு ஆரம்பமாகிறது.

அமெரிக்காவில் ரிவால்வ் என்றொரு கருவி. முந்நூறு டாலர் விலை. வீட்டு விளக்கு, பூட்டு எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து இயக்கும். அந்தக் கம்பெனியை 2014இல் நெஸ்ட் என்ற இன்னொரு கம்பெனி வாங்கியது. 2016 மே மாதம் சர்வரை நிறுத்தினார்கள். கருவியில் ஒரு பழுதும் இல்லை. ஆனாலும் அது செத்துப்போனது. எந்த மெக்கானிக்கால் என்ன செய்ய முடியும்? நெஸ்டின் வீட்டு வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் முதல் இரண்டு தலைமுறைத் தெர்மோஸ்டாட்டுகளுக்கு 2025 அக்டோபர் 25இல் ஆதரவு நின்றபோது நிலைமை பரவாயில்லை. போன் இணைப்பு போனாலும், சுவரில் திருகினால் வேலை செய்தது.

சிப்காட் தொழிற்பேட்டை ஷிப்டுக்காக வந்து வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. ஸ்மார்ட் பல்புகளில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும்தான் சேரும். வீடு மாறி வைஃபையின் பெயரோ பாஸ்வேர்டோ மாறினால், ஒவ்வொரு பல்பையும் முதலிலிருந்து சேர்க்க வேண்டும். சாதா எல்இடி பல்புக்கு ஹோல்டர் ஒன்று போதும்.

ஸ்மார்ட் ஃபேனோ பல்போ வாங்கப் போனால் கடைக்காரரிடம் வைஃபையை அணைக்கச் சொல்லிவிட்டு, சுவர் சுவிட்சில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை வருஷம் அப்டேட் வரும் என்று பெட்டியில் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.