கதிரவனும் காற்றும் தரும் மின்சாரம்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவிலே, பல்கலைக்கழக மாணவரான சங்க உறுப்பினர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



  

வாலிபர் சங்க மேடையிலே மின்சாரத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். தை முதல் நாளிலே முற்றத்தில் பானை வைத்து, கதிரவனுக்கு நன்றி செலுத்தும் மக்கள் நாம். அக்கதிரவன் இன்று அரசாங்கத்தின் மின்சாரக் கொள்கையிலும் இடம்பிடித்துவிட்டான். அவன் தரும் வெளிச்சத்தில் எமக்கு எவ்வளவு பங்கு என்பதை நாமன்றி வேறு யார் கேட்பது?

எமது கலகெதர ஊரை ஊடறுத்துச் செல்லும் பெருந்தெருவை நீங்கள் அறிவீர்கள். கட்டுகஸ்தோட்டையிலே தொடங்கி, குருநாகல் வழியாகப் புத்தளம்வரை அது செல்கிறது. இலங்கையின் மின்சார வரலாறு முழுவதையும் இந்த ஒரு தெருவிலேயே படித்துவிடலாம் என்று நான் சொல்வதுண்டு. தெருவின் தொடக்கத்துக்கு அருகில் பொல்கொல்லை அணைக்கட்டு. 1976-ஆம் ஆண்டிலே மகாவலி நீர் அங்கே மறிக்கப்பட்டு, மலையைக் குடைந்த ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே உக்குவளைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அங்கே மின்சாரம் பிறந்தது. தெருவின் மறுமுனைக்கு அப்பால், கற்பிட்டித் தீபகற்பத்திலே நுரைச்சோலை அனல்மின் நிலையம். கப்பலில் வந்திறங்கும் அந்நிய நாட்டு நிலக்கரியை எரித்து 900 மெகாவாட் மின்சாரம் உற்பத்தி செய்யக்கூடிய நிலையம் அது. அதே கரையோரத்தில் 2010-ஆம் ஆண்டு முதல் காற்றாலைகளும் சுழலத் தொடங்கின. நீர், நிலக்கரி, காற்று ஆகிய மூன்றும் ஒரே தெருவில்! அந்தத் தெருவின் ஓரத்திலே நாம் வாழ்கின்றோம்.

எமது நாட்டின் ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918-ஆம் ஆண்டிலேயே ஆராய்ச்சிக் கட்டுரை படித்தவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர அவர்கள். அவருடைய கனவான லக்சபான மின்னிலையம் 1950-ஆம் ஆண்டிலேதான் இயங்கத் தொடங்கியது. ஒரு நல்ல யோசனை நிறைவேற 32 ஆண்டுகள்! அன்று தாமதித்தோம். இன்று தாமதிக்க நேரமில்லை. ஏனெனில், ஆற்றுநீரை இயன்றவரை பயன்படுத்திவிட்டோம். எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் வெளிநாட்டு நாணயம் வேண்டும். அந்த நாணயம் கையில் இல்லாமற் போனால் என்ன நேரும் என்பதை 2022-ஆம் ஆண்டு எமக்குக் கற்பித்தது.

அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் தடைப்பட்டது. நான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலம் அது. லயத்துக் காம்பராவிலே குப்பி விளக்கை ஏற்றலாமென்றால் மண்ணெண்ணெய்க்கும் வரிசை. அம்மா வரிசையில் நின்று வாங்கிவந்த அரைப் போத்தல் எண்ணெயை நானும் தங்கையும் பங்கிட்டோம். பகலெல்லாம் தகரக் கூரை வெயிலிலே கொதித்துக் கிடக்கும். இரவெல்லாம் அதன்கீழ் இருள் கிடக்கும். இந்த வெயிலைப் பிடித்து இந்த இருளுக்குள் விடமுடியாதா என்று அன்று நினைத்தேன்.

அரசாங்கத்தின் கொள்கையும் அதையே சொல்கிறது. 2007-ஆம் ஆண்டின் சட்டத்தினால் நிலைபெறுதகு சக்தி அதிகாரசபை நிறுவப்பட்டது. 2016 செப்டெம்பரில் ‘சூரிய பல சங்கிராமய’ என்ற கூரைச் சூரியசக்தித் திட்டம் தொடங்கப்பட்டது. வீட்டுக் கூரையில் சோலார் தகடுகளைப் பொருத்தி, எஞ்சும் மின்சாரத்தை அரசுக்கு விற்றால், ஆரம்பத்தில் முதல் ஏழு ஆண்டுகளுக்கு அலகொன்றுக்கு 22 ரூபாவும், பின்னர் 13 ஆண்டுகளுக்கு 15 ரூபா 50 சதமும் தருவதாக அறிவிக்கப்பட்டது. 2030-ஆம் ஆண்டளவில் நாட்டின் மின்சாரத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு நீர், காற்று, சூரியன் முதலிய தீராத மூலங்களிலிருந்து பெறப்படவேண்டும் என்பது இலக்கு. கூரைகளில் ஏறிய சூரியசக்தியின் அளவு இப்பொழுது ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது.

இக்கொள்கை நல்ல கொள்கை. இதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். ஆயினும் மெகாவாட்டை மாத்திரம் எண்ணிக்கொண்டிருந்தால் போதாது. நேரம், இடம், கூரை என்னும் மூன்றையும் கணக்கில் எடுக்கவேண்டும் என்பதே இன்று நான் உங்கள் முன் வைக்கும் கருத்து.

முதலாவது நேரம். நான் கற்ற மிஷன் பாடசாலையிலே ஒரு கதை சொல்வார்கள். மணவாளனை எதிர்கொள்ள விளக்கேந்திச் சென்றனர் பத்துக் கன்னியர். ஐவர் விளக்கோடு எண்ணெயும் கொண்டுபோனார்கள். மற்றை ஐவர் விளக்கை மட்டும் கொண்டுபோனார்கள். நள்ளிரவில் மணவாளன் வந்தபோது எண்ணெய் இல்லாதவர்கள் வெளியே நின்றார்கள். எமது மின்சாரக் கொள்கையும் பல ஆண்டுகளாக எண்ணெயின்றி விளக்கேந்தியே நடந்தது. சூரியன் உச்சியில் நிற்கும்போது மின்சாரம் மிஞ்சுகிறது. நாம் விளக்கேற்றிச் சமைத்துப் படிக்கும் மாலையிலோ சூரியன் இல்லை. பகலில் மிஞ்சுவதைச் சேமித்து வைக்கும் வழி இல்லாவிட்டால் தகடுகள் இருந்தும் பயனென்ன?

2025 பெப்ரவரி 9-ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் ஒரே நேரத்தில் மின்சாரம் அற்றுப்போனது உங்களுக்கு நினைவிருக்கும். பாணந்துறை உப மின்னிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததே காரணம் என்றார்கள், ஊரெல்லாம் சிரித்தோம். ஆனால் சிரித்து மறந்துவிடக்கூடிய விஷயமல்ல அது. நீர்மின் நிலையத்திலும் அனல்மின் நிலையத்திலும் சுழலும் பாரிய சக்கரங்கள் சிறு அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். பாரம் ஏற்றிய லொறி சிறு கல்லிலே ஏறினால் குலுங்குவதோடு சரி. துவிச்சக்கர வண்டியோ கவிழ்ந்துவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலைகளும் கந்தோர்களும் மூடியிருந்தன. தேவை குறைவு, வெயில் மிகுதி. சூரிய மின்சாரத்தின் பங்கு பெரிது, பாரச் சக்கரங்களின் பங்கு சிறிது. ஆகவே ஒரு சிறு அதிர்ச்சி நாட்டையே இருளில் தள்ளியது. அதன்பின் வந்த சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி உரிமையாளர்களை மின்சார சபை கேட்டுக்கொண்டது. மூன்றாண்டுகளுக்கு முன்பு 13 மணிநேரம் இருளில் இருந்த நாடு, வெயிலை வேண்டாமென்று சொல்ல நேர்ந்தது!

இன்னுமொன்று கவனியுங்கள். 2025 நவம்பர் இறுதியிலே டிட்வா புயல் கண்டிச் சீமையை உலுக்கியபோது, மின்கம்பிகள் அறுந்த ஊர்களில் எத்தனையோ வீடுகள் இருண்டன. பற்றரி இல்லாமல், பொதுக் கம்பியோடு மட்டும் இணைந்த சோலார் தகடு, கம்பியில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பியைத் திருத்தும் தொழிலாளியின் உயிரைக் காப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆகவே தகடும் பற்றரியும் கூடவே வரவேண்டும். மாலை வேளையில் பற்றரியிலிருந்து தரும் மின்சாரத்துக்கு உயர்ந்த விலை கொடுப்பதென 2025-ஆம் ஆண்டிலே எடுத்த தீர்மானம் நல்ல தீர்மானம். அரநாயக்க, நாவலப்பிட்டிப் பகுதிகளில் திட்டமிடப்பட்டுள்ள 600 மெகாவாட் மகா ஓயாத் திட்டமும் சேமிப்புத் திட்டமே. பகலில் மிஞ்சும் மின்சாரத்தால் நீரை மேல் நீர்த்தேக்கத்துக்கு ஏற்றி, மாலையில் அதைக் கீழே பாயவிட்டு மின்சாரம் எடுப்பார்கள். எண்ணெய்க் குடத்துக்குப் பதிலாக மலையுச்சியில் ஒரு குளம் என்று கொள்ளுங்கள்.

இரண்டாவது இடம். காற்று எல்லா ஊரிலும் ஒரே அளவாக வீசுவதில்லை. தமிழகத்திலே முப்பந்தலில், மலையிடைக் கணவாய் வழியே காற்று பாய்வதாற் காற்றாலைகள் காடாக நிற்கின்றன. எமது நாட்டில் அந்தப் பாக்கியம் மன்னார்த் தீவுக்கு. 2020 டிசம்பரில் அங்கே 30 காற்றாலைகளைக் கொண்ட, 103.5 மெகாவாட் ‘தம்பபவனி’ நிலையம் திறக்கப்பட்டது. பின்னர் மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் நிறுவ இந்தியாவின் அதானி நிறுவனம் வந்தது. அலகொன்றுக்கு 8.26 அமெரிக்க சதம் என்று பேசிய விலை அதிகம் என்ற வாதம் எழுந்தது. 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. அதே ஆண்டிலே, போட்டிக் கேள்விமனு மூலம் உள்நாட்டு நிறுவனமொன்று மன்னாரிலே 4.65 சதத்துக்கு மின்சாரம் தர உடன்பட்டது. போட்டி இருந்தால் விலை இறங்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் மன்னார் மக்களின் கேள்வி விலையைப் பற்றியதன்று. வெள்ளநீர் வடிந்தோடும் வழி என்னாகும்? கரைவலைக்கு மீன் வருமா? தூரதேசத்துப் பறவைகள் வந்து தங்கும் தீவு என்னாகும்? 2025 ஆகஸ்டில் அவர்கள் தெருவில் இறங்கினார்கள். வேலைகள் சிறிது காலம் நிறுத்தப்பட்டன. செப்டெம்பர் இறுதியில் ஓர் இரவு, காற்றாலைப் பாகங்களைக் கொண்டுசெல்லும்போது பொலிசாருக்கும் மக்களுக்குமிடையே மோதலும் நேர்ந்தது. அவர்களை முன்னேற்றத்தின் விரோதிகள் என்று சொல்வது எளிது. கொழும்பிலும் கண்டியிலும் ஒளிரும் விளக்குக்காகத் தம் முற்றத்தைக் கொடுப்பவர்களிடம், தூண் நடுவதற்கு முன்பே கேட்கவேண்டாமா? பொல்கொல்லையிலும் விக்டோரியாவிலும் நீர் மறித்தபோது நிலமிழந்தவர்களைக் கண்ட கண்டிச் சீமை மக்களாகிய நமக்கு இது விளங்காத விஷயமல்ல.

மூன்றாவது கூரை. சபையோரே, இதைச் சொல்லவே நான் வந்தேன். என் பெரியப்பா முப்பத்தைந்து வருடம் தோட்டத்தில் உழைத்து ஓய்வுபெற்றார். சேமலாப நிதிப் பணம் கைக்கு வந்தபோது, பிள்ளைகள் படிக்கவென்று லயத்தின் கூரையில் இரண்டு சோலார் தகடு போடலாமா என்று கேட்டு ஒரு கந்தோருக்குப் போனார். நானும் உடன் போனேன். “மின்மானி யார் பெயரில்? வீட்டு உறுதி எங்கே?” என்றார்கள். இரண்டுமே அவர் பெயரில் இல்லை. திரும்பி நடந்து வரும்போது பெரியப்பா சொன்னார்: “வெயிலு நம்ம தலை மேலதான் விழுது, தம்பி. ஆனா கூரை நம்மளோடது இல்லையாம்.”

அந்த வார்த்தை என்னை விட்டு நீங்கவில்லை. கூரைத் திட்டம் கூரையுடையவனுக்கே உதவுகிறது. சொந்த வீடும் கையில் பணமும் உள்ளவர் தம் மின்கட்டணத்தைக் குறைத்துக்கொள்கிறார். சிலர் வருமானமும் பெறுகின்றனர். லயத்தில் இருப்பவரோ முழுக் கட்டணத்தையும் கட்டுகிறார். இது எவருடைய கெட்ட எண்ணத்தாலும் நேர்ந்ததன்று. கொள்கை எழுதியவர்களின் மனக்கண்ணில் லயம் தோன்றவில்லை, அவ்வளவுதான். தோன்றச் செய்வது நமது கடமை.

வழி இல்லாமலில்லை. டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனுக்கு அருகே, கடலில் 20 காற்றாலைகள் 2001-ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்டன. அவற்றிற் பாதி, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் பங்கு வாங்கிய கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம். பங்காளி ஆவதற்கு எவருக்கும் கூரை தேவைப்படவில்லை. அவ்வளவு தூரம் போவானேன்? எமது மலைநாட்டிலேயே, 1990-களில், பொதுக் கம்பி எட்டாத கிராமங்கள் பல, சங்கம் அமைத்து, ஓடையிலே சிறு இயந்திரம் வைத்து, வீடுகளுக்குத் தாமே வெளிச்சம் கொடுத்தன. அதுபோலத் தோட்டத் தொழிற்சாலையின் கூரையிலோ பாடசாலையின் கூரையிலோ பொதுவாகத் தகடு அமைத்து, அதன் பயனை ஒவ்வொரு லயக் குடும்பத்தின் கட்டணத்திலும் கழிக்க அரசாங்கம் விதி செய்யவேண்டும். அதனோடு, மின்மானி ஒவ்வொரு குடும்பத்தின் பெயரிலும் வரவேண்டும்.

2025 ஏப்ரலில் இந்திய உதவியுடன், 25 மாவட்டங்களிலும் ஐயாயிரம் வணக்கத்தலங்களின் கூரைகளில் சூரியத் தகடு அமைக்கும் திட்டம் தொடக்கிவைக்கப்பட்டது. கோயில், விகாரை, பள்ளிவாசல், தேவாலயம் யாவும் அதில் அடங்கும். நமது பகுதிக் கோயில் எதற்காவது அது கிடைக்குமாயின், என் விண்ணப்பம் ஒன்று உண்டு. கோபுரத்துக்கு வண்ண விளக்குப் போடுவதற்கு முன்னர், மண்டபத்தில் ஒரு பற்றரியும் நான்கு மேசையும் ஆறு விளக்கும் வைப்போம். மாலை ஆறு முதல் பத்து மணிவரை நம் பிள்ளைகள் வந்து படிக்கட்டும். ஊரெல்லாம் இருண்டாலும் அந்த ஆறு விளக்கு அணையாதிருக்கட்டும். கிடைக்காவிட்டால், நாமே மாதம் நூறு ரூபா சேர்த்துத் தொடங்குவோம். என் பங்கை இன்றே பொருளாளரிடம் கொடுத்துவிட்டுத்தான் மேடை ஏறினேன்.

பெரியோர்களே, நீங்கள் குப்பி விளக்கில் எங்களை வளர்த்தீர்கள். வாலிபர்களே, பெரியப்பாவிடம் கேட்ட அந்த இரண்டு கேள்விகளுக்கும் நம் தம்பி தங்கையர் பதில் சொல்லும் காலம் வரவேண்டும். மின்மானி என் பெயரில். கூரையில் எனக்கும் பங்குண்டு என்று அவர்கள் சொல்லட்டும். அதுவரை மனு எழுதுவோம், கேட்போம், மீண்டும் கேட்போம்.