பதினெட்டு டாலர்ப் புத்தகம்



சொந்த ஊரை விட்டு வந்து பிற மாநிலங்களில் சங்கம் கண்டு வாழும் நம்மவர்க்கு, கையில் ரசீதுப் புத்தகத்துடன் நன்கொடை கேட்டுப் படியேறுவது புதிய செய்தியன்று. கதவைத் தட்டுகிறவருக்குக் கூச்சம், திறக்கிறவருக்குச் சங்கடம். இந்தக் கூச்சத்தை நீக்க யூத சமூகத்தார் கைக்கொண்ட வழிகளுள் ஒன்று, தங்களுக்கென்றே ஒரு பொருளைச் செய்து விற்று, அந்த வருவாயைப் பொதுப்பணிக்கு ஆக்குவது. அதைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

எபிரேய மொழியில் ஈகையைக் குறிக்க வழங்கும் சொல் ‘செதாக்கா’ என்பது. அதன் வேர்ப்பொருள் நீதி. இரக்கத்தால் கொடுப்பது என்னும் பொருள் அச்சொல்லில் இல்லை. கொடுக்கவேண்டியதைக் கொடுப்பது என்பதே அதன் கருத்து. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், இதற்கு நேரான சொல் ‘தருமம்’ என்றே கூறுவேன். அச்சொல்லை நாம்தாம் தெருமுனையில் விழும் காசளவுக்குச் சுருக்கிவிட்டோம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த மைமோனிடிஸ் என்னும் பேரறிஞர் ஈகையை எட்டுப் படிகளாக வகுத்தார். ஒருவனுக்குக் கடனோ, தொழிலில் பங்கோ, வேலையோ தந்து, அவன் பிறரிடம் கையேந்தாதபடி நிறுத்துவதையே அவற்றுள் தலையாய படியாக வைத்தார்.

பொதுப்பணிக்கு உண்டியல் வைப்பது அவர்களிடையே மிகப் பழைய வழக்கம். ஆலயத்தைப் பழுதுபார்க்க யோய்தா என்னும் ஆசாரியன் ஒரு பெட்டியின் மூடியில் துளையிட்டுப் பலிபீடத்தருகே வைத்த செய்தி விவிலியத்தில் இராஜாக்களின் இரண்டாம் புத்தகத்தில் இருக்கிறது. பிற்காலத்தில் வீட்டுக்கு வீடு தகர உண்டியல் வந்தது. 1901இல் பாசல் நகரில் கூடிய மாநாட்டில் தோன்றிய யூத தேசிய நிதி நீலநிற உண்டியல்களைப் பரப்பியது. முத்திரைத் தலைகளையும், மரம் நட்டதற்கான சான்றிதழ்களையும் விற்றது. அந்தப் பணத்தில் பாலஸ்தீனத்தில் நிலம் வாங்கினர். அவ்வாறு வாங்கிய நிலங்கள் சிலவற்றிலிருந்து, அங்கே உழுதுவந்த அரபுக் குடியானவர்கள் வெளியேற நேர்ந்தது. அழகிய முத்திரையை வாங்கி உறையில் ஒட்டுகிறவர், காசு போய்ச் சேரும் இடத்தையும் கேட்டறிவது நன்று.

எனக்கு மிகவும் பிடித்த வரலாறு, அதே 1901இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் நடந்தது. ருஷ்யாவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவின் பிற பகுதிகளிலிருந்தும் ஏழை யூதக் குடும்பங்கள் அந்நகரில் வந்திறங்கிய காலம் அது. முன்னமே குடியேறி வசதியடைந்திருந்த ஜெர்மானிய யூதர்கள் அவர்களுக்கு உதவினர். அந்த உதவியில் அன்பும் இருந்தது; ‘இவர்களால் நம் பெயர் கெடுமோ’ என்ற அச்சமும் இருந்தது. (பிழைக்கப் போன ஊரில் முன்னே வந்தவர் பின்னே வந்தவரைப் பார்க்கும் பார்வை எங்கும் ஒன்றுதான் போலும்.) அவர்களுக்கென ஏற்பட்ட ‘செட்டில்மெண்ட்’ என்னும் இல்லத்தில் லிஸி பிளாக் கேண்டர் என்ற அம்மையார் சிறுமியருக்குச் சமையல் கற்பித்தார். செய்முறைகளைக் கரும்பலகையில் எழுதிப்போட, அவர்கள் பார்த்தெழுதிக்கொள்வார்கள். எழுதுவதிலேயே பாடநேரம் கழிந்தது.

அவற்றை அச்சிட்டுக் கொடுத்தால் என்ன என்று அம்மையாருக்குத் தோன்றியது. செலவுக்கு 18 டாலர் கேட்டார். நிருவாகக் குழுவில் இருந்த ஆடவர்கள் மறுத்துவிட்டனர். அம்மையார் சோரவில்லை. ஊர்க் கடைக்காரர்களிடம் விளம்பரம் வாங்கி, அச்சுச் செலவுக்கு வழிசெய்து, 1,000 பிரதிகளை வெளியிட்டார். வகுப்பு மாணவியர்க்குப் போக எஞ்சியவை விற்பனைக்கு வந்தன. ஊர்ப்பெண்கள் வாங்கினர்; மறுபதிப்பு வந்தது; பின்னும் வந்தது. அந்த வருவாயின் துணையால் 1911இல் செட்டில்மெண்டுக்கு ஆபிரகாம் லிங்கன் இல்லம் என்னும் புதிய கட்டடமே எழுந்தது. 1940இல் காலமாகும் வரை அம்மையார் அந்நூலைத் திருத்திக்கொண்டே இருந்தார். பிற்பதிப்புகளையும் சேர்த்து அது சுமார் 20 லட்சம் பிரதிகள் விற்றதாகக் கணக்கு.

அவர் கேட்ட தொகையில் ஒரு வேடிக்கை உண்டு. எபிரேய எழுத்துகளுக்கு எண்மதிப்பும் உண்டு. ‘உயிருள்ள’ என்று பொருள்படும் ‘ஹை’ என்ற சொல்லின் இரண்டு எழுத்துகளைக் கூட்டினால் 18 வரும். ஆதலால் யூதர்கள் மொய்யும் நன்கொடையும் 18, 36 என்று அளிப்பது வழக்கம். நாம் 51, 101 என்று வைப்பதைப் போன்றதே இது. 18 டாலர் தற்செயலாக அமைந்ததுதான். ஆயினும் அக்குழுவினர் மறுத்த தொகை வேறாக இருந்திருக்கலாகாதா என்று தோன்றுகிறது.

அந்நூலில் குறையும் உண்டு. யூத சமய விதி விலக்கிய சிப்பி உணவுகளும் அதில் இடம்பெற்றன. புதியவர்களை விரைவில் அமெரிக்கராக்கிவிட வேண்டும் என்ற அவசரத்தின் அடையாளம் அது. ஆயினும் அடுப்பு மூட்டுவது முதல் வீட்டைத் துப்புரவாக வைப்பது வரை அதில் இருந்தது. தருமத்துக்கு என்று ஒரு பிரதி வாங்கியவள் சமையலுக்கு என்று இன்னொன்றை வாங்கித் தன் மகளுக்குக் கொடுத்தாள் என்றால் வியப்பில்லை.

இன்றும் அமெரிக்க யூத ஆலயங்களின் மாதர் சங்கங்கள் சிறு கடைகள் நடத்துகின்றன. ஓய்வுநாள் விளக்குத் தண்டுகள், வாழ்த்துத் தாள்கள், பண்டிகை நாள் குறித்த நாட்காட்டிகள் ஆகியவை அங்கே கிடைக்கும். அவர்கள் பண்டிகைகள் சந்திரனின் கணக்கைத் தழுவியவை. ஆகவே அந்த நாட்காட்டி நமது பஞ்சாங்கம் போல ஆண்டு முழுதும் சுவரில் தொங்கும். திருமணங்களில் மணமக்கள் பெயரும் தேதியும் உட்புறம் பொறித்த சிறு குல்லாய்களை விருந்தினர்க்கு அளிப்பார்கள். அவை வீட்டில் தங்கி, பின்னர் வழிபாட்டுக்குப் பயன்படும். சங்கத்தின் பெயரை மட்டும் அச்சிட்ட கோப்பைகளும் பைகளும் உண்டு. அவை பெரும்பாலும் அலமாரியின் மேல்தட்டில் போய்ச் சேர்கின்றன.

நம் சங்கங்கள் ஆண்டுதோறும் மலர் வெளியிடுகின்றன. பாதிப் பக்கம் விளம்பரம், மறுபாதி வாழ்த்துச் செய்தி. கேண்டர் அம்மையாரும் விளம்பரத்தால்தான் அச்சுக்கூலி கொடுத்தார். நம் மலரில் ஐம்பது பக்கம், இங்கே கிடைக்கும் காய்கறியையும் மாவையும் கொண்டு நம் வீட்டுச் சமையலைச் செய்யும் முறைகளுக்கு ஒதுக்கினால், நேற்று வந்திறங்கிய பிள்ளைகள் விலை கொடுத்து வாங்குவார்கள் என்று நினைக்கிறேன். செய்முறைகளை எழுதித் தரத்தக்க தாய்மார்கள் ஒவ்வொரு சங்கத்திலும் இருக்கிறார்கள்.