வண்ண மீன் தொட்டியில் வெண்புள்ளி நோய்

(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



வயலில் நெற்பயிர் வாடினாலும், கொட்டிலில் மாடு தீனி எடுக்காமல் நின்றாலும் நீங்கள் உடனே கண்டுகொள்வீர்கள். ஆனால் வீட்டுக் கூடத்தில் இருக்கும் கண்ணாடித் தொட்டியில் மீன்கள் நோயுற்றால் பலரும் திகைத்துப் போகிறார்கள். பிள்ளைகளின் ஆசைக்காக வாங்கிய கப்பி, மோலி, தங்க மீன் ஆகியவற்றைப் பிறகு சிமெண்டுத் தொட்டியில் பெருக்கி, குஞ்சுகளை விற்றுக் கைச்செலவுக்குப் பணம் பார்க்கும் குடும்பங்கள் உண்டு. சென்னைக் கொளத்தூரில் இது பெருந்தொழிலாகவே நடந்து வருகிறது. இப்படி வளர்ப்போருக்குப் பெரும் இழப்பைத் தருவது வெண்புள்ளி நோய். இன்று ஒரு மீனில் கண்ட நோய், கவனிக்காமல் விட்டால், ஒரே வாரத்தில் தொட்டி முழுவதையும் காலி செய்துவிடும். எனினும் சமையலறை உப்பைக் கொண்டே இதனைப் பெரும்பாலும் அடக்கிவிடலாம்.

நோயை அறியும் முறை

நோய் கண்ட மீன் முதலில் கல்லிலும் மணலிலும் உடம்பைத் தேய்க்கும். துடுப்புகளை ஒடுக்கிக் கொள்ளும். பிறகு உடலிலும் துடுப்பிலும் ரவையைத் தூவியது போல் வெண்ணிறப் புள்ளிகள் தோன்றும். ஒரு புள்ளி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இராது. ஒட்டுண்ணி செவுளைத் தாக்கினால் மீன் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாய் திறந்து மூச்சு வாங்கும். சில சமயம் உடலில் புள்ளியே தெரியாமல், செவுள் கெட்டு மீன் இறப்பதும் உண்டு.

ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் தங்க மீனின் செவுள் மூடியிலும் முன் துடுப்பின் ஓரத்திலும் சிறு வெண் பருக்கள் தோன்றும். அது நோயன்று. மீன் சுறுசுறுப்பாக இரை எடுத்து, பருக்கள் அந்த இடங்களில் மட்டும் இருந்தால் மருந்து தேவையில்லை.

ஒட்டுண்ணியின் வாழ்க்கை

இந்நோயை உண்டாக்குவது ஓர் ஒற்றைச் செல் உயிரி. இக்தியோப்திரியஸ் மல்டிபிலிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். 1876ஆம் ஆண்டு ஃபூக்கே என்ற பிரெஞ்சு அறிஞர் இதற்குப் பெயரிட்டார். 'பல பிள்ளை பெறும் மீன் பேன்' என்பது அதன் பொருள். பொருத்தமான பெயர்தான் என்பதை இனிக் காண்போம்.

நாம் காணும் வெண்புள்ளி, மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து உண்டு கொழுக்கும் ஒட்டுண்ணியாகும். வளர்ந்ததும் அது மீனை விட்டுக் கழன்று, தொட்டியின் அடியிலோ செடியிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொள்ளும். கூட்டுக்குள் பலமுறை பிளவுபட்டு நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பெருகும். கூடு வெடித்ததும் இந்தக் குஞ்சுகள் நீந்தி மீனைத் தேடும். இரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் அவை இறந்துவிடும்.

நெல்லில் தண்டுத் துளைப்பான் தண்டுக்குள் புகுந்த பின், மேலே தெளிக்கும் மருந்து அதை எட்டுவது கடினம் என்பது உங்களுக்குத் தெரியும். இதுவும் அப்படித்தான். தோலுக்குள் இருக்கும் ஒட்டுண்ணியையும், கூட்டுக்குள் இருப்பதையும் மருந்து எட்டாது. நீந்தித் திரியும் குஞ்சுகளைத்தான் கொல்ல முடியும். ஆகவே வைத்தியம் செய்ய வேண்டியது மீனுக்கு மட்டும் அன்று, தொட்டி நீர் முழுவதற்கும் ஆகும். நோயுற்ற ஒரு மீனை மட்டும் எடுத்து மாற்றுவதால் பயனில்லை.

உப்பு வைத்தியம்

முதலில் தொட்டியில் எத்தனை லிட்டர் நீர் உள்ளது என்று கணக்கிடுங்கள். நீளம், அகலம், நீர் மட்டத்தின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 1000 ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் 25 செ.மீ. உயரத்துக்கு நீர் இருந்தால் அது 45 லிட்டர்.

ஒரு லிட்டருக்கு 3 கிராம் கல் உப்பு வேண்டும். 45 லிட்டருக்கு 135 கிராம் ஆகும். கைப்பிடி அளவை நம்பாமல் எடை போட்டு எடுங்கள். இதனை மூன்று பங்காக்கி, காலை, மாலை, மறுநாள் காலை என 45 கிராம் வீதம் தனிப் பாத்திரத்தில் கரைத்துச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். உப்புக் கல்லை நேராகத் தொட்டியில் போடக் கூடாது.

ஒரு நாள் விட்டு ஒரு நாள், ரப்பர் குழாயால் அடியில் உள்ள கசடோடு கால் பங்கு நீரை உறிஞ்சி வெளியேற்றுங்கள். கூடுகளில் ஒரு பகுதி அதோடு போய்விடும். எடுத்த அளவுக்குப் புது நீர் விடும்போது, அந்த நீருக்கு மட்டும் லிட்டருக்கு 3 கிராம் வீதம் உப்பு சேர்த்தால் போதும். குளோரின் கலந்த குழாய் நீரை ஒரு நாள் திறந்து வைத்துப் பின் பயன்படுத்துங்கள்.

காற்றுப் பம்பு இரவும் பகலும் ஓட வேண்டும். நீரைச் சூடாக்கும் கருவி இருந்தால், சிறிது சிறிதாக 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை உயர்த்தலாம். தங்க மீனுக்கு 28 டிகிரியோடு நிறுத்துவது நல்லது. கப்பி, மோலி, தங்க மீன் ஆகியவை இந்த உப்பைத் தாங்கும். செதிலற்ற கெளுத்தி இனங்களும் அயிரை இனங்களும் எளிதில் தாங்கா. அவற்றுக்கு மீன்வள அலுவலரைக் கேட்டுச் செய்யுங்கள். மென்மையான நீர்ச் செடிகளும் வாடக்கூடும்.

எத்தனை நாள் செய்வது?

நான்கைந்து நாளில் புள்ளிகள் மறையும். நோய் தீர்ந்தது என்று எண்ணி வைத்தியத்தை நிறுத்துகிறவர்கள்தான் மீன்களை இழக்கிறார்கள். மறைந்த புள்ளிகள் அழிந்துவிடவில்லை. மீனை விட்டு இறங்கிக் கூடு கட்டியிருக்கின்றன. ஒரு கூட்டிலிருந்து நூறு நூறாய்க் குஞ்சுகள் வரும்போது, இரண்டாம் முறை முன்னைவிடக் கடுமையாகத் தாக்கும். ஆகவே கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் 7 நாள் உப்பு நீரைத் தொடருங்கள்.

25 டிகிரிக்கு மேற்பட்ட நீரில் ஒட்டுண்ணியின் சுற்று ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். நீர் குளிரக் குளிர அது நீளும். எனவே உதகை, கொடைக்கானல் போன்ற இடங்களில் இன்னும் பல நாள் தொடர வேண்டும். முடிந்த பின் உப்பில்லாத நீரைச் சிறிது சிறிதாக மாற்றி வாருங்கள்.

பூச்சிக்கொல்லி வேண்டாம்

கண்ணுக்குத் தெரியும் அளவில், தட்டையாக மீன் மேல் ஊர்வது மீன் பேன். நூல் போல் தோலில் தொங்குவது நங்கூரப் புழு. இவை வேறு ஒட்டுண்ணிகள். மேலே சொன்ன உப்பளவு இவற்றுக்குப் போதாது. இவற்றைக் கொல்வதற்காக வயலுக்கு வாங்கிய பூச்சிக்கொல்லியில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். பல பூச்சிக்கொல்லிகள் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும். மருந்து தெளித்த கையை நன்றாகக் கழுவாமல் தொட்டி நீரைத் தொடவும் கூடாது. கடையில் விற்கும் மாலகைட் பச்சை கலந்த மருந்தை உண்ணும் மீன் வளர்க்கும் குட்டையில் எக்காரணத்தாலும் விடக் கூடாது.

வருமுன் காத்தல்

சந்தையில் வாங்கிய ஆட்டை அன்றே மந்தையில் சேர்ப்பதில்லை. புது மீனையும் அப்படியே தனித் தொட்டியில் 2 முதல் 3 வாரம் வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு விடுங்கள். கடையிலிருந்து மீன் வந்த பையின் நீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். நீர்ச் செடியோடும் ஒட்டுண்ணி வரும். அதையும் மீனில்லாத நீரில் ஒரு வாரம் வைத்திருங்கள். தொட்டிக்கு ஒரு வலை வைத்துக்கொண்டு, வெயிலில் நன்கு காயவையுங்கள். உலர்ந்தால் இந்த ஒட்டுண்ணி பிழைக்காது. மழைக் காலத்திலும் மார்கழி, தைக் குளிரிலும் நீர் திடீரெனக் குளிர்ந்து மீன்கள் தளரும். அந்த மாதங்களில் நாள்தோறும் உற்றுப் பாருங்கள்.

நோய் கண்ட தொட்டி நீரைப் பண்ணைக் குட்டையிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். கட்லா, ரோகு, கெண்டை ஆகியவற்றையும் இந்நோய் தாக்கும். செடியில்லாத, வெயில் படும் தரையில் ஊற்றிவிடுங்கள். மனிதருக்கு இந்நோய் தொற்றாது. ஐயம் இருந்தால் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தையோ, தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியையோ அணுகலாம்.

எடை போட்ட உப்பு, ஓயாத காற்று, புள்ளி மறைந்த பின் ஏழு நாள் பொறுமை. இம்மூன்றையும் கடைப்பிடித்து உங்கள் மீன்களைக் காத்துக்கொள்ளுங்கள்.